மஞ்சள் இருக்கு சார்

சுகாதார ஆய்வாளர் சத்தியநேசன் சார் நோட்டைப் பார்த்துத் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறார், இன்னும் ஒன்பது போனால் என் தெரு, ஒன்பதோ பத்தோ, பச்சையம்மன் கோயில் தெருவைச் சில நாள் ஒன்றாகப் படிப்பார், சில நாள் கிழக்கு மேற்கு என்று பிரித்துப் படிப்பார், இன்றைக்குப் பிரித்துப் படித்தால் தேவலை, ஒரு நிமிடம் கூடக் கிடைக்கும். வார்டு ஆபீஸ் மாடியில் பத்தொன்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம், ஃபேன் சுற்றுகிறது என்று சொல்லலாம், காற்று வருகிறது என்று சொல்ல முடியாது. "காரைக்கிணறு சந்து?" "இருக்கு சார்." "எவ்ளோ?" "பாயின்ட் அஞ்சு." சார் தலை நிமிராமல் எழுதிக்கொள்கிறார். இருக்கு என்றால் குளோரின் இருக்கு. குழாய்த் தண்ணீரை விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்து ரெண்டு சொட்டு விட்டால், குளோரின் உள்ள தண்ணீர் மஞ்சளாகும், இல்லாத தண்ணீர் தேமே என்று வெள்ளையாகவே கிடக்கும். மஞ்சள் எவ்வளவு என்று அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டு எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான், சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். சின்னக் குழந்தை ஒழுங்காகச் செய்திருக்கும். நான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரன், அதனால்தான் தப்பாகச் செய்தேன். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை, இதுதான் விஷயமே. மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் மெர்லின் மேடம் எதையோ புரட்டிக்கொண்டிருக்கிறார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஜாதி, நல்ல பெண், என் மகள் வயசிருக்கும், முகத்தை நிமிர்த்தினால் நேராக என்னைப் பார்ப்பார் என்று எனக்கு ஏனோ தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவர் நிமிரவில்லை.

என் பெயர் எத்திராஜ். அல்லித்தோட்டத்தில் அந்தப் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாருக்கும் நான் மலேரியா. "மலேரியா வந்திருக்காரு, டிரம்மைத் தொறந்து காட்டு" என்று வாசலிலிருந்து உள்ளே குரல் கொடுப்பார்கள், நான் போய் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துக் கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பேன், சுவரில் சாக்பீஸால் தேதி போடுவேன், அடுத்த வீடு. ஒரு நாளைக்கு அறுபது வீடு, அறுபது டிரம், தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் என் கை மூடியைத்தான் தேடும். அல்லியும் கிடையாது தோட்டமும் கிடையாது, ஒன்பது தெரு, நடுவில் ஒரு கால்வாய். மழையில் அந்தக் கால்வாய் ஏறி உள்ளே வந்தபோது வெறும் தண்ணீராக வரவில்லை, மேற்கே ஏதோ கம்பெனியின் கழிவு எண்ணெயையும் ஊரெல்லாம் சேர்ந்த சாக்கடையையும் தூக்கிக்கொண்டு வந்தது. வடிந்தபோது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. எல்லாரும் அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். டிவிக்காரர்கள் கோட்டைப் படம் பிடித்தார்கள், தோல் டாக்டர் வந்தார், மாஸ்க் கொடுத்தோம், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கக்கூடாது என்று நோட்டீஸ் கொடுத்தோம், நாய்களுக்குக்கூட யாரோ சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். பூமிக்கு அடியில் போகிற குடிதண்ணீர்க் குழாயில் விரிசல் விட்டிருந்தால் அது யார் கண்ணில் படும்? எண்ணெய் வாடையில் சாக்கடை வாடை தெரியாமல் போயிற்று, எனக்கும் தெரியவில்லை, மூக்கு இருபது நாள் வேறு எதற்கும் பயன்படவில்லை. கொசு மருந்து அடிக்கிற வேலையை நிறுத்திவிட்டு எங்களையெல்லாம் குளோரின் பார்க்க அனுப்பினார்கள், நீலப் பெட்டி ஆளுக்கொன்று, அரைமணி நேரப் பயிற்சி, அதில் பத்து நிமிடம் டீ. குழாயில் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். சொன்னார்கள்தான், நான் கேட்டேன்தான்.

"பச்சையம்மன் கோயில் கிழக்கு?" பிரித்துத்தான் படிக்கிறார். நல்லது. குழாயில் பிடிக்க வேண்டும் என்றால் தண்ணீர் வருகிற விடியற்காலை நேரத்தில் போக வேண்டும், ஒன்றரை மணி நேரம்தான் வரும், அதற்குள் அல்லித்தோட்டத்தில் மூன்று, நாலு, ஐந்து என்று என் மூன்று தெருவையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் பஸ் தாமதம், நான் போகும்போது குழாயில் காற்றுதான் வந்தது, நாலாவது தெரு முதல் வீட்டு வாசலில் அம்சவேணி அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், "இன்னா மலேரியா, டிரம்ல பாக்கறியா?" என்றாள். அவள் கேட்டாளா, இல்லை நானே மூடியைத் தூக்கினேனா என்று இன்றைக்கு வரை எனக்கு நிச்சயமில்லை. பழியைப் பங்கு போட ஆள் தேடுகிற புத்தி எனக்கு உண்டு, அதனால் கை தானாகப் போனது என்றே வைத்துக்கொள்கிறேன், இருபத்திரண்டு வருஷக் கை. இன்றைக்குக் காலையில் வந்து இறங்கிய தண்ணீர்தானே, டிரம்மில் இருந்தால் என்ன, குழாயில் இருந்தால் என்ன, குளோரின் ஓடியா போய்விடும்? சொம்பில் மொண்டு கொடுத்தாள். உள்ளே கரண்ட் இல்லை, எவர்சில்வர் சொம்பில் தண்ணீரின் நிறம் தெரியவில்லை, குப்பியில் ஊற்றியபோதே லேசாக மங்கலாகத்தான் இருந்தது, அந்த நாட்களில் எந்தத் தண்ணீர்தான் பளிங்காக இருந்தது? இரண்டு சொட்டு விட்டேன். மஞ்சள். அட்டையில் இரண்டாவது கட்டத்து மஞ்சள், அப்படியே, பாயின்ட் அஞ்சு. மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஊரே கறுப்பாகக் கிடக்கிறபோது குப்பிக்குள் அப்படி ஒரு சுத்தமான மஞ்சள். அப்போதுதான் அந்த வீட்டு மருமகள் நிரோஷா உள்ளேயிருந்து வந்து குப்பியை எட்டிப் பார்த்தாள், ஐந்தரை மாசம் அப்போது, வயிறு தெரிந்தும் தெரியாமலும். "குடிக்கலாமாண்ணே? கேன் தண்ணி வாங்கவா?" என்று கேட்டாள். "எதுக்கும்மா கேன்? மஞ்ச வந்துடுச்சு பாரு, தாராளமா குடி" என்றேன். தாராளமாக என்ற வார்த்தை தேவையே இல்லை. குடி என்றாலே போதும்.

அதற்கப்புறம் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பதற்கு நான் அவசரப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு நாள். டிரம்மைத் திற, சொம்பு, சொட்டு, மஞ்சள், இருக்கு சார். மூன்றாவது வாரத்தில் தெருவில் காமாலை வந்தது, முதலில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், பிறகு அக்கா தம்பி இரண்டு பேர், இப்போது நாலாவது தெருவில் மட்டும் பதினொன்று, அதில் ஒருவன் டில்லிபாபு, நிரோஷாவின் புருஷன், துறைமுகத்தில் மூட்டை கணக்கு பார்க்கிறவன், கட்டிலில் படுத்துக்கொண்டு கீழாநெல்லிச் சாற்றை முகம் சுளித்துக் குடிக்கிறான். போன கூட்டத்தில் மேடம் கேட்டார், தண்ணீரில் பிரச்சினை இருக்கிறதா என்று. சார் நோட்டைக் காட்டினார், எல்லாத் தெருவும் பாயின்ட் அஞ்சு, பாயின்ட் அஞ்சு, நோட்டு முழுக்க மஞ்சள், அப்புறம் தண்ணீரை எப்படிக் குறை சொல்வது? வெளியில் தின்றதுதான் காரணம் என்று முடிவாயிற்று, பானிபூரி வண்டிகள் இரண்டைப் பறிமுதல் செய்தார்கள், அந்த வடக்கத்திக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினான், நான் ஓரமாக நின்று பார்த்தேன், பாவம் என்றுகூட நினைத்தேன். அன்றைக்கே மேடம் இன்னொன்றும் சொன்னார், இந்தக் காமாலை மற்றவர்களுக்கு மூன்று வாரப் படுக்கை, எழுந்துவிடுவார்கள், மாசமாக இருக்கிற பெண்களுக்கு அப்படியில்லை, கடைசி மாசங்களில் வந்தால் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்று. நான் குறித்துக்கொண்டேன். நல்ல கையெழுத்து எனக்கு.

நேற்று சாயங்காலம் குளோரின் மாத்திரை கொடுக்கப் போனேன். அம்சவேணி அம்மாள் என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா மாத்திரை? வெள்ளம் வந்த நாள்லேர்ந்து டிரம்ல ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் போடாம ஒரு நாள் வெச்சதில்ல நானு. மஞ்ச போட்டா கிருமி அண்டாதுன்னு தெருவுக்கே நான்தான் சொன்னேன், அல்லாரும் போடறாங்கோ. அப்பறம் எப்டிய்யா வந்துச்சு எம் புள்ளைக்கு?" நான் மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள். அவள் திட்டிக்கொண்டே இருந்தாள், எனக்குக் காதில் விழவில்லை, மூடியைத் தூக்கி, டார்ச்சை அடித்து, முதல் தடவையாகப் புழுவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன். அடியில் படிந்திருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சும்மாவா சொன்னார்கள்? கண் நன்றாக இருக்கிறவனுக்கே இந்த கதி. இன்று விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போனேன், தெருமுனைக் குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்தேன், சொட்டு விட்டேன், வெள்ளை. இன்னொரு சொட்டு. வெள்ளை. குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி. பச்சைத் தண்ணீர், ஒன்றுமே இல்லை அதில், அதாவது குளோரின் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. குனிந்தபடியே முகர்ந்து பார்த்தேன், நாற்பது நாளில் முதல் தடவையாக, லேசாகத்தான், ஆனால் அது சாக்கடைதான். நிமிர்ந்தால் பின்னால் நிரோஷா குடத்தோடு நிற்கிறாள். ஏழு மாசம், ஒரு கை இடுப்பில். "இன்னாண்ணே காலங்காத்தால?" என்றாள். "சும்மாம்மா" என்றேன்.

சும்மாம்மா. குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றேன், அவள் குடத்தைக் குழாயடியில் வைத்தாள், நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன், காலிக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வரும் இல்லையா, அது நிரம்புகிற வரைக்கும் நின்றேன். "நாளன்னிக்கு வளைகாப்பு, மறந்துடாதீங்க, அக்காவையும் இட்டுக்கினு வாங்க" என்றாள். புருஷன் படுத்துக் கிடக்கிறானே என்றேன், ஏழாம் மாசம் தாண்டினால் ஒன்பதாம் மாசம்தான் என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். வருகிறேன் என்றேன். கொதிக்க வைத்துக் குடி என்றாவது சொல்லியிருக்கலாம், அது நாங்கள் எல்லாரிடமும் சொல்வதுதான். சொன்னால் ஏன் என்று கேட்பாள், கெட்டிக்காரி, அப்புறம் கால்மணி நேரத்தில் தெருவே என்னைச் சுற்றி நிற்கும் என்று பயந்தேன். அடுத்த வாரம் நிரந்தரப் பணியாளர் பட்டியல் வருகிறது, அதில் என் பெயர் பதினாலாவது. இருபத்திரண்டு வருஷமாக நான் தற்காலிகம், எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் நிலைத்து நின்ற பொருள் வேறு எதுவும் இல்லை. என் மனைவி குணவதி வியாழக்கிழமை தோறும் பாபா கோயிலுக்குப் போகிறாள், அந்தப் பட்டியலுக்காக மட்டும். போன மாசம்தான் எங்களோடு குளோரின் பார்த்த கன்னியப்பனை வேலையை விட்டுத் தூக்கினார்கள், டீக்கடையில் உட்கார்ந்தபடியே நோட்டை நிரப்பினான் என்று. அவன் பார்க்காமல் எழுதினான், நான் பார்த்து எழுதினேன், விளைவு ஒன்றுதான், எவன் குற்றம் பெரிது என்று பட்டிமன்றம் வைக்கலாம். இப்படியும் செய்யலாம்: இன்றைக்கு வெள்ளை என்று மட்டும் சொல்வது. நேற்று வரை இருந்தது, இன்றைக்கு இல்லை சார். யாருக்குத் தெரியும்? ஆனால் ஒரு நாள் இல்லையென்றால் நாளைக்கு இன்னொரு தடவை பாருங்கள் என்பார்கள், அதுதான் நடைமுறை, மூன்று நாள் தொடர்ந்து வெள்ளை வந்தால்தான் குழாயை மூடித் தோண்டுவார்கள். நாளை, நாளை மறுநாள், வளைகாப்பு. ஏழு வகைச் சாதம் கிளறுவார்கள், சாதம் கொதிக்கும், தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர் கொதிக்காது. அவள் கன்னத்தில் ஆளுக்கு ஒரு விரல் மஞ்சள் பூசுவார்கள், பூசிப் பூசி முகமே மஞ்சளாகும், அதற்குள் கண்ணும் மஞ்சளாகியிருந்தால் யார் கவனிப்பார்கள்? போட்டோ எடுப்பார்கள், நன்றாக விழுந்திருக்கிறது என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லோகநாயகி, ஏழாவது எட்டாவது தெரு அவளுடையது, "இன்னாண்ணே, வேர்த்து ஊத்துது, சுகரா?" என்று முட்டாய் ஒன்றை என் கையில் திணிக்கிறாள். வாயில் போட்டுக்கொண்டேன். இனிக்கிறது, அது பாட்டுக்கு.

"அல்லித்தோட்டம் ஒண்ணு?" "இருக்கு சார்." "ரெண்டு?" "இருக்கு சார்." "மூணு?" அதுவும் என்னுடையதுதான், மூன்று, நாலு, ஐந்து என்னுடையவை, மூன்றில் நான் எந்த வீட்டு டிரம்மைப் பார்த்தேன், அங்கேயும் மூடிதானே, அங்கேயும் சொம்புதானே? "எத்திராஜ், மூணு? நாலு? தூங்கறியா?" முட்டாயை ஒதுக்கிவிட்டு எழுந்தேன். எழுந்து நின்று பதில் சொல்கிற வழக்கம் இங்கே இல்லை, அதனால் எல்லாரும் திரும்பினார்கள். "மஞ்சள் இருக்கு சார்" என்றேன். "எவ்ளோ?" "ஒரு ஸ்பூன் சார். குளோரின் இல்ல, மஞ்சத்தூள்." சிரித்தார்கள். நான் விளையாட்டுப் பேச்சுக்காரன் என்று பெயர், சத்தியநேசன் சாரே சிரித்துவிட்டு, "போதும் உக்காருய்யா, எவ்ளோ எழுதட்டும்?" என்றார். இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாகப் பாயின்ட் அஞ்சு என்று சொல்லியிருந்தால் முடிந்தது, வாசல் திறந்துதான் இருந்தது, அதை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். "சிரிக்காதீங்க சார்" என்றேன், குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் குழாய்ல எடுக்கல. முப்பத்தெட்டு நாளா டிரம்லதான் எடுத்தேன். டிரம்ல மஞ்சத்தூள் போட்டு வெச்சிருக்காங்க, கிருமி சாவட்டும்னு. அதத்தான் நான் அஞ்சு அஞ்சுன்னு எழுதினேன். இன்னிக்குக் காலைல குழாய்ல பாத்தேன். வெள்ள. சாக்கட வாசன வருது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார், நான் பயந்த மாதிரிப் பார்க்கவில்லை, கணக்குப் போடுகிறவர் பார்ப்பது போலப் பார்த்தார், பிறகு எல்லாரையும் பார்த்து, "வேற யாரெல்லாம் டிரம்ல எடுத்தீங்க? கை தூக்குங்க, யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். அந்தக் கடைசிப் பேச்சை ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்புறம் என் பக்கத்தில் லோகநாயகியின் கை எழுந்தது, வளையல் முழங்கைக்கு இறங்கியது. முன்வரிசையில் ஒன்று. ஜன்னலோரம் இரண்டு. நாங்கள் எல்லாருமே மலேரியாதான், எல்லார் கைக்கும் மூடிதான் தெரியும். ஒன்பது வரைக்கும் எண்ணினேன். நான் ஒருத்தன் இல்லை என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, நிஜமான சந்தோஷம், அப்புறம்தான் அது ஒன்பது கை இல்லை, இருபது இருபத்தைந்து தெரு என்று உறைத்தது, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், மொத்த லைனையும் மூடுங்கள், தண்ணீர் லாரி அனுப்புங்கள், காரணம் அப்புறம் சொல்கிறேன் என்று. பேசிக்கொண்டே ஒரு வெள்ளைத்தாளை இழுத்துக் கோடு போட்டார். போனை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்த என்னிடம் திரும்பினார். "உங்க தெருவுல மாசமா இருக்கறவங்க யாராவது?"

"ஒருத்தங்க மேடம். நாலாவது தெரு, முதல் வீடு. நிரோஷா."

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"குடிக்கிறது என்ன தண்ணி? கேனா, குழாயா?"

வாயில் முட்டாய் இன்னும் கரையாமல் இருந்தது. அதை விழுங்கினேன்.

"நான் குடிக்கச் சொன்ன தண்ணி, மேடம்."